பிரமாதமான ஒயின்

குன்னூர் தோட்ட முதலாளி தனபாலன் நண்பர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மாட்டிறைச்சி ஸ்டேக்கும் வெளிநாட்டு ஒயினும் விருந்து. ஒரு வாய் குடித்ததும் நண்பர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

“காடி மாதிரி புளிக்குதே!” என்றார் டாக்டர் ரேமண்ட்.

தனபாலன் பரிமாறிய லூர்தம்மாள் மேல் பாய்ந்தார். “அடுப்புப் பக்கம் வச்சுக் கெடுத்துட்டியா, கழுதை? நீ கெடுக்கலேன்னு நிரூபி. இல்லேன்னா இப்பவே மூட்டையைக் கட்டு!”

இருபது வருஷம் அந்த வீட்டில் உழைத்தவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஐயா, விருந்து வைக்கிறவர் முதல்ல ருசி பார்த்துத் தலையாட்டினாத்தான் மத்தவங்களுக்கு ஊத்தணும்னு சொன்னது நீங்கதானே? கிளாஸைச் சுழட்டி, மோந்து, குடிச்சுப் பார்த்து, ‘பிரமாதம்’னீங்க. அப்புறம்தான் ஊத்தினேன்.”

“அப்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் நீதான் கெடுத்தே!”

“பாட்டில் இந்த மேசையை விட்டு நகரவே இல்லையே. கெட்டது ஒயினா, உங்க நாக்கான்னு டாக்டரையே கேளுங்க.”

“நாக்கை நீட்டுப்பா தனபாலா, பார்த்துடறேன்” என்றார் டாக்டர்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூட்டை கட்டும் பேச்சை அதன்பின் தனபாலன் எடுக்கவில்லை. லூர்தம்மாள் மட்டும் சிரிக்காமல் அவர் கிளாஸை விளிம்பு வரை நிரப்பினாள்.

“முழுசாக் குடிங்க, ஐயா.”