டீச்சர் வீட்டு வாசலில் வலித்த கால்

பாளையங்கோட்டையில் உலகநாதன் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தாதவர் என்று பெயரெடுத்தவர். எழுபதைத் தாண்டியபின் அந்தப் பெயருக்குப் பங்கம் வந்தது. காலையில் பால் வாங்கப் புறப்பட்டால், ரெஜினா டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்ததும் இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சற்று நின்றால் வலி போய்விடும், மறுபடி நடப்பார்.

டீச்சர் கணவரை இழந்து தனியாக இருந்தவர். ஒரு மனிதர் தினமும் தன் கேட்டைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்து, ஒருநாள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். அப்புறம் ஒரு தம்ளர் சுக்குத் தண்ணீரும் வரத் தொடங்கியது. தெருவுக்கு இது போதாதா? செய்தி உலகநாதனின் மனைவி ஆவுடையம்மாளுக்கு எட்டியது.

“கால்வலின்னா ஒருநாளாவது வேற வீட்டு வாசல்ல வலிக்கக் கூடாதா?” என்று கேட்டாள்.

அவருக்கே அது விளங்கவில்லை. எதிர்த்திசையில் நடந்து காட்டியிருக்கலாம். ஆனால் பால் பூத் இந்தப் பக்கம்தான் இருந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. குழம்பில் உப்பும் குறைந்தது.

கால்விரலில் பட்ட சிறு காயம் ஆறாமல் கறுக்கத் தொடங்கியதும், பயந்துபோன ஆவுடையம்மாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பலூனை விட்டு விரித்து, உள்ளே ஸ்டென்ட் வைத்தார்கள். விரல் தப்பியது.

“அது ஏன் டாக்டர், இவருக்கு ஒரே எடத்துல வலிக்கு?” ஆவுடையம்மாள் விடவில்லை.

“அடைப்பு இருந்தா அப்படித்தாம்மா. கொஞ்ச தூரம் நடந்ததும் காலுக்கு ரத்தம் பத்தாது, வலிக்கும். நின்னா சரியாயிரும். தினமும் ஒரே வழின்னா ஒரே எடம்தான். இனி வலிக்காது, தினமும் நடக்கட்டும்.”

உலகநாதன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

உடம்பு தேறியதும் பால் வாங்கக் கிளம்பினார். துணைக்கென்று அவளும் வந்தாள். “இனி வலிக்காதுல்லா? எங்கயும் நிக்காம நடக்கணும்,” என்றாள். சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

டீச்சர் வீடு வந்தது. கால் வலிக்கவில்லை. ஆனால் நாற்காலி போட்டிருந்தது. டீச்சர் தம்ளரோடு நின்றிருந்தார். “நல்லபடியா வந்துட்டீங்களே சார். ஒக்காருங்க.”

நின்றால், வலிக்காத காலுக்கு இங்கே என்ன வேலை என்று மனைவி கேட்பாள். நிற்காமல் போனால், சொந்த வீடே நம்பாத வலிக்கு நாற்காலி போட்டவரை அவமதித்ததாகும். உலகநாதன் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து முழித்தார்.

தீர்ப்பு இனி உங்கள் பாடு. அந்த வாசலில் அவர் நிற்பது சரியா, நடப்பது சரியா?

விடை: உலகநாதன் நடக்க வேண்டியவர்; டாக்டர் சொன்னதும் அதுதான், மனைவிக்குக் கொடுத்த வாக்கும் அதுதான். நிற்க வேண்டியவள் ஆவுடையம்மாள். அவள் நம்பாத வலியை நம்பி, அவள் கொடுக்க வேண்டிய தண்ணீரைக் கொடுத்தவர் டீச்சர். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. “நீங்க போயி பாலை வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உலகநாதன் பாலோடு திரும்பியபோது இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.