யாருமில்லாத தொட்டி

"முப்பத்தோரு மீன் செத்துப் போச்சும்மா. இது ஒண்ணுதான் மிச்சம்."

நயினார் வாளியைத் தரையில் வைத்தார். அதற்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்னக் கோமாளி மீன் ஒன்று ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெனோவா தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எத்தனை மாசத்துல?"

"எட்டு."

"மூணு தடவை வச்சீங்களோ?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவைதான்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஆறுமுகநயினாரைத் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. வெறும் ஹாலைக் கொடுத்தால் முகூர்த்தத்துக்குள் அதை வாழைத்தோப்பாக்குவார், அரண்மனையாக்குவார், ஒரு தடவை அருவியே விழ வைத்தார். மறுநாள் மத்தியானம் அத்தனையும் குப்பை லாரியில் ஏறும். முப்பது வருஷத்தில் அவர் கைபட்ட எதுவும் ஒரு நாளைத் தாண்டி நின்றதில்லை.

கொச்சியில் ஓர் ஓட்டல் வரவேற்பறையில்தான் முதன்முதலாகப் பவளத் தொட்டியைப் பார்த்தார். பேச வந்த பார்ட்டியை மறந்து ஒரு மணி நேரம் அதன் முன்னால் நின்றார். எப்போது வைத்தது என்று அங்கே விசாரித்தார். பதினோரு வருஷம் ஆகிறது என்றார்கள்.

பதினோரு வருஷம். ஊர் வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆறடித் தொட்டி வீட்டில் வந்து இறங்கியபோது மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நயினாருக்கு இரண்டு நாள் தாராளம். மணல், கல், உப்புத் தண்ணீர், பதினெட்டு மீன், எல்லாம் ஒரே பகலில் முடிந்தது. சம்பந்தி வீட்டார் பலகாரத்தை மறந்து அதைப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் முதல் மீன் மிதந்தது. பத்தாம் நாள் தொட்டி காலி.

இரண்டாம் தடவை மீன்களின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. மீன் வாங்கிய கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார். தாமிரம் கலந்த மருந்து. அதை அப்படியே தொட்டியில் ஊற்றினார். நத்தை, இறால், பவளம் என்று உள்ளே இருந்த மற்றதெல்லாம் ஒரே நாளில் செத்தன. மீன்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

மூன்றாம் தடவை மணலையும் கல்லையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். தொட்டி பளிங்கு போல இருந்தது. அதிலும் செத்தன.

அவர் மனைவி சிவகாமி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு ஒன்று சொன்னாள்.

"உயிரை வச்சு டெக்கரேசன் பண்ணாதீங்க."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. மிஞ்சிய ஒரு மீனை வாளியில் போட்டுக்கொண்டு, கடைக்காரர் சொன்ன விலாசத்தைத் தேடித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

ஜெனோவா கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பவள். கடற்கரை ரோட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அப்பா சங்கு குளித்தவர். அவளுக்கு நயினாரின் மூத்த மகளைவிட இரண்டு வயது குறைவு.

தனக்கு இந்த வேலையே வேண்டாம், இந்த ஒன்றையாவது காப்பாற்றினால் போதும் என்றார் நயினார்.

அவள் ஒரு டம்ளர் எடுத்தாள். தன் தொட்டித் தண்ணீரை மொண்டு வாளியில் விட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். இன்னொரு டம்ளர் விட்டாள். மறுபடியும் சும்மா இருந்தாள். மீன் தொட்டிக்குள் போகும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

நயினார் முப்பத்திரண்டு மீனையும் கவரைக் கிழித்துக் கொட்டியவர்.

வந்த வேலை முடிந்துவிட்டது. அவர் கிளம்பவில்லை.

"எனக்குச் சொல்லித் தருவியாம்மா?"

நீல மருந்து ஊற்றினீர்களா என்று அவள் கேட்டாள். ஊற்றியதாகச் சொன்னார். அந்த மணலும் கல்லும் மருந்தைக் குடித்திருக்கும், ஒன்று விடாமல் தூக்கிப் போடச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. தலையாட்டினார்.

அவள் தொட்டிக்குள் கைவிட்டு, வருஷக்கணக்காக அடியில் கிடந்த உடைந்த கூரை ஓடு ஒன்றை எடுத்து ஈரத் துணியில் சுற்றினாள். மதியச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த இறாலில் ஒன்றைப் பொறுக்கி அதோடு வைத்தாள்.

"புதுத் தண்ணி விட்டு, இது ரெண்டையும் உள்ள போடுங்க."

"இறால் செத்துல்லா கெடக்கு?"

"ஆமா."

"அழுகிருமே."

"அழுகட்டும்."

"வீடே நாறுமேம்மா."

"நாத்தம் நின்ன பெறகு வாங்க அண்ணாச்சி."

ஆறடித் தொட்டி. விளக்கு எரிகிறது. தண்ணீர் சுழல்கிறது. உள்ளே ஓர் ஓட்டுத் துண்டும் அழுகிப்போன இறாலும்.

வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சம்பந்தி ஒரு வாய் காப்பியோடு எழுந்து போனார். நயினார் மூன்று தடவை வலையைக் கையில் எடுத்தார். மூன்று தடவையும் திருப்பி ஆணியில் மாட்டினார்.

ஐந்தாம் வாரம் நாற்றம் இல்லை. குனிந்து பார்த்தார். இறாலும் இல்லை.

அன்றைக்கே தூத்துக்குடிக்குப் போய் அதைச் சொன்னார்.

"யார் தின்னா?" என்றாள் ஜெனோவா.

"யாரு திங்க? உள்ளதான் யாருமே கெடையாதே."

"யாரும் இல்லாத வீட்டுல சோறு எப்படி அண்ணாச்சி தீரும்?"

நயினார் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"கண்ணுக்குத் தெரியாம இருந்ததையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுல்லா கழுவினேன்" என்றார்.

அவள் கோமாளி மீனைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். இப்போதைக்கு இது மட்டும் என்றாள்.

அன்றிலிருந்து அவர் அவளிடம் 'நீங்க' என்றுதான் பேசினார்.

மீன் பிழைத்தது. கவரைக் கிழிக்காமல், டம்ளர் டம்ளராகத் தண்ணீர் விட்டு, அவரே இறக்கிவிட்டார். சிவகாமி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அதுவே பெரிய விஷயம்.

அடுத்த மாதம் ஆறு நத்தை கொடுத்தாள். மூன்று வாரத்தில் நான்கு செத்தன.

மறுபடியும் ஓடினார். மருந்து ஊற்றவில்லை, அதிகமாக இரை போடவில்லை, தினமும் தண்ணீர் குறைகிற அளவுக்கு உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றி, கோடு போட்டாற்போல வைத்திருக்கிறேன், பிறகும் ஏன் சாகிறது என்று கேட்டார்.

ஜெனோவா ஸ்கூட்டரை எடுத்து, ஏறச் சொன்னாள்.

ஊருக்கு வெளியே உப்பளத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நல்ல வெயில். பாத்தி பாத்தியாகக் கடல்தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. கடைசிப் பாத்தியில் தண்ணீர் வற்றி, ஓர் அம்மாள் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள்.

ஜெனோவா தண்ணீர் நின்ற பாத்தியைக் காட்டினாள். பிறகு குவியலைக் காட்டினாள்.

நயினார் அந்த ரோட்டில் முப்பது வருஷமாகப் போய் வருகிறவர். ஓடியாடி எத்தனை ஆயிரம் தடவை அந்தக் குவியல்களைக் கடந்திருப்பார். இப்போதுதான் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"வெயிலு தண்ணியை மட்டும்தானே குடிக்கி" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து உப்பு டப்பாவை மூடி வைத்தார். குறைந்த அளவுக்கு வெறும் நல்ல தண்ணீரை, அதையும் சிறுகச் சிறுக, விட ஆரம்பித்தார்.

மிச்சம் இரண்டு நத்தையும் பிழைத்துக்கொண்டன.

எட்டு மாதம் கழித்து அவள் ஒரு பவளத் துண்டு கொடுத்தாள். சட்டைப் பொத்தான் அளவு. தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருந்தது. கடலிலிருந்து எடுத்ததல்ல, தன் தொட்டியில் பிறந்து தன் தொட்டியில் வளர்ந்தது என்றாள். நல்ல இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, பிறகு கையை வெளியே எடுத்துவிடச் சொன்னாள்.

இரண்டு வருஷம் போயிற்று.

பொத்தான் வெற்றிலை அளவாயிற்று. வெற்றிலை தாம்பாளம் அளவாயிற்று. பெரிய காளான் போலக் குடை விரித்து, மேலெல்லாம் ஆயிரம் சின்னப் பூ பூத்துத் தண்ணீரோடு ஆடியது. கோமாளி மீன் அதற்குள் புகுந்து குடியேறியது. நயினார் மண்டபத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அங்கேதான் போவார்.

அந்த மார்கழியில் மழை பிடித்தது. ஆறு கரை உடைந்து ஊருக்குள் வந்தது. மின்சாரம் நின்றது. அவருடைய ஜெனரேட்டர்கள் எல்லாம் குடோனில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன.

தொட்டியில் மோட்டார் நின்றால் தண்ணீரில் மூச்சு நிற்கும். நயினார் ஓர் எவர்சில்வர் செம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார். மறுபடி ஊற்றினார். கை ஓய்ந்தபோது யாரோ செம்பை வாங்கினார்கள். சிவகாமி.

இரண்டரை நாள். ஆள் மாற்றி ஆள்.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. மீன் பிழைத்திருந்தது.

பவளம் மட்டும் மூடிக்கொண்டது.

ஒரு பூ இல்லை. குடை சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல ஒரு தோல் படிந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. நான்காம் நாளும். தூத்துக்குடிக்குப் போன் போகவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, செத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே மருந்து விட்டுத் தண்ணீரை முழுதாக மாற்றாவிட்டால் மீனும் போகும் என்றார். மருந்தையும் வைத்துவிட்டுப் போனார்.

நயினார் உப்பைச் சோதித்தார். சரியாக இருந்தது. சூட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. மருந்துப் பாட்டிலைக் கையில் எடுத்தார். அவருடைய கை வாழ்நாள் முழுக்க எதையாவது செய்துகொண்டே இருந்த கை. அது மூடியைப் பாதி திருகிவிட்டு நின்றது.

பாட்டிலைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஏழாம் நாள். எட்டாம் நாள்.

ஒன்பதாம் நாள் காலை ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி வாசல்வரை போய்விட்டார். உள்ளேயிருந்து சிவகாமி கூப்பிட்டாள்.

மெழுகுத் தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது. நீரோட்டம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போனது. உரிந்த இடத்தில் ஒரு பூ. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை நிறைய. பத்து மணிக்குக் குடை முழுதும் விரிந்து, முன்னைவிட அகலமாக, ஆயிரம் பூவும் ஒரு சேர ஆடியது.

அன்றைக்கு நயினார் வேலைக்குப் போகவில்லை. ஒப்புக்கொண்ட கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மேஸ்திரியையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானம்வரை தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். அதைப் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜெனோவாவின் கொட்டகையில் ஆற்றுத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் புகுந்துவிட்டது என்ற சேதி பிறகுதான் வந்தது. கடல்தண்ணீரில் இருந்த உயிர் எதுவும் தப்பவில்லை. நயினார் ஆட்களோடு போய்ச் சேற்றை வாரிக் கொடுத்துவிட்டு வந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை. அவரும் எதுவும் நீட்டவில்லை. அங்கே வெறும் தொட்டிகள்தான் இருந்தன.

மூன்று மாதம் கழித்து ஜெனோவா பாளையங்கோட்டைக்கு வந்தாள். அந்த வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை.

தொட்டி முன்னால் நின்றாள். சிவகாமி கொண்டுவந்த காப்பி ஆறிப்போனது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"தண்ணி தயாராயிட்டு அண்ணாச்சி" என்றாள் கடைசியில். "எனக்கு ஒரு துண்டு வேணும்."

நயினார் கத்தரிக்கோலைக் கழுவிக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்க வளத்தது. நீங்கதான் வெட்டணும்."

அவர் அதுவரை அதை வெட்டியதில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டார். குடையின் ஓரத்தைச் சுற்றி, அவசரமில்லாமல், பன்னிரண்டு துண்டு வெட்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் வரிசையாக வைத்தார்.

ஜெனோவா அதில் ஆகச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கொண்டு போங்க" என்றார் நயினார். "இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"ஊருக்குள்ள உங்க தொட்டிப் பேச்சுதான். கேட்டு ஆள் வரும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"வந்தா உடனே குடுத்துராதீங்க."