தட்டானின் பிடி

மாசிலாமணி ஓதுவாருக்கு நாளைக் காலையில் தொண்டை ஆபரேஷன். குரல்வளையையே எடுக்க வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாற்பது வருடம் மடத்துக் குளக்கரையில் விடியலில் பதிகம் பாடியவர், ஒரு மாதமாகப் பாடவே இல்லை. இருக்கிற குரலாவது மிஞ்சட்டும் என்று, கஞ்சன் நெல்லைப் பூட்டுகிற மாதிரி பூட்டி வைத்துவிட்டார். அவருக்குப் பதிலாக மடத்துச் சாமியே பாடினார். சாமிக்குச் சுருதி சேராது. ஊரே பொறுத்துக்கொண்டது.

சாமி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தீட்சை கொடுத்த குரு.

ஆஸ்பத்திரிக்குப் போக மதியம் பஸ். விடியலிலேயே ஓதுவார் விடைபெறப் போனார். சாமி குளத்தின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, பயமா இருக்கு," என்று ஓதுவார் கிசுகிசுத்தார். "குரல் போயிட்டா நான் எதைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்?"

சாமி தண்ணீரில் நின்ற கோரையைக் காட்டினார்.

தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் குஞ்சு ஒன்று தண்டில் ஏறி நின்றது. அதன் முதுகுத் தோல் வெடித்தது. வெளிறிய உடம்பு பாதி பிதுங்கி, தலைகீழாகத் தொங்கியது. பிறகு அசையவே இல்லை.

"செத்துப்போச்சா சாமி?"

"பாரும்."

மேல்படியில் ஒரு மைனா அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓதுவார் துண்டை வீசி விரட்டினார்.

"பாவம் சாமி. தண்ணிக்குள்ளயே திரும்ப விட்டுரலாமா?"

"இனி அதுக்குத் தண்ணியில மூச்சு விட வராது."

ஓதுவார் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அந்த உடம்பு ஒரே எம்பாக மேலே எம்பியது. கால்கள் எதையோ பற்றின. வாலும் வெளியே வந்தது. கசங்கிய இறக்கைகள் மெல்ல விரியத் தொடங்கின.

ஓதுவார் குனிந்து பார்த்தார்.

"சாமி, அது கழட்டிப் போட்ட தோலையில்லா பிடிச்சிருக்கு!"

"றெக்கை காயுற வரைக்கும் அதுக்கு வேற பிடி கிடையாது."

"எனக்கு?"

சாமி மடியிலிருந்த கைத்தாளத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பாடி விட்டதுதான் உமக்குப் பிடி. நீர்தான் ஒரு மாசமா குரலைக் கழட்டவே இல்லையே. மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. பாடும்."