ரெண்டாம் பந்தியில் ஈயம்

கதிரியக்கக் கூடத்தில் டெல்பின் டீச்சரிடம் வேலை பழகியவர் செண்பகராமன். டீச்சரைவிட வயதில் மூத்த சீடர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். தவறு செய்தால் மட்டும் அது ‘அண்ணாச்சி அவர்களே’ ஆகிவிடும்.

அன்று செண்பகராமனுக்கு வேலையில் மனம் இல்லை. தம்பி வேலப்பன் தன் மகளின் கல்யாணத்துக்கு அழைக்க அன்று சாயங்காலம் வருகிறான். அவன் புதுவீட்டுப் பால்காய்ப்பில் தன்னை ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்ததை இவர் மறக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது. கதவைத் திறக்கப் போவதில்லை என்று காலையிலிருந்தே டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று மனைவி அழுததையும் சொன்னார்.

சொல்லிக்கொண்டே, புதிதாக வந்த, பீட்டா கதிர் வீசும் வில்லையை நேராக ஈயப் பெட்டியில் வைத்து மூடினார்.

டீச்சர் கதிர் அளக்கும் கருவியைப் பெட்டியருகே கொண்டுபோனார். அது விடாமல் டிக் டிக் என்றது.

“அண்ணாச்சி அவர்களே, இது என்ன சத்தம்?”

ஆல்பா கதிர் எதிர்ப்பட்டதையெல்லாம் முட்டி ஒரு தாளிலேயே ஓய்ந்துவிடும், பீட்டா அதைத் தாண்டிப் போகும், அதனால்தான் கனத்த ஈயமாகப் பார்த்து வைத்தேன் என்றார் செண்பகராமன்.

“பீட்டா உள்ளேயே நின்னுட்டு. வெளிய வாறது எக்ஸ்ரே.”

“நான் எக்ஸ்ரே எதுவும் வைக்கலியே.”

“வேகமா வாற பீட்டாவ ஈயம் சட்டுனு மடக்கிச்சு. அந்த மடக்குல பிறந்தது.”

“அப்ப இத உண்டாக்கினது?”

“நம்ம பெட்டிதான்.”

டீச்சர் நீண்ட இடுக்கியால் வில்லையை எடுத்து, கனமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தார். அந்த டப்பாவை ஈயப் பெட்டிக்குள் இறக்கினார். கருவியின் சத்தம் அடங்கியது. எப்போதாவது ஒரு டிக் மட்டும் கேட்டது.

“இன்னும் ஒண்ணு ரெண்டு கேக்குதே, டீச்சர்.”

“அது மண்ணுலயும் காத்துலயும் எப்பவும் உள்ளது. அதோட இருந்துக்கிடலாம்.”

“பிளாஸ்டிக் லேசாச்சே. அது எப்படி?”

“பீட்டாவ அங்கயும் இங்கயும் அலைய விட்டு, மெதுவா உட்கார வைக்குது.”

“அப்ப ஈயம் வேண்டாமா?”

“வேணும், மிச்ச எக்ஸ்ரேயப் பிடிக்க. ரெண்டாம் பந்தியில.”

செண்பகராமன் முகத்தைச் சுளிக்கப் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது.

கை கழுவும்போது மெல்லக் கேட்டார்.

“சாயங்காலம் அவன் வந்தா நான் என்ன செய்ய?”

“முதல்ல காப்பி குடுங்க, அண்ணாச்சி. கதவ பொறவு சாத்திக்கிடலாம்.”