விரல் மூடிய கையுறை

பனி கொட்டும் சோலைக்காட்டில் சிவந்தி என்றொரு மலையணில் இருந்தது. பின்னல் வேலையில் மகா கெட்டிக்காரி! காட்டோரம் மேயும் ஆடுகளின் ரோமம் முள்வேலியில் சிக்கிக் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து நூலாகத் திரிக்கும். முள்ளம்பன்றி உதிர்த்த இரண்டு முட்கள்தான் அதற்கு ஊசி.

மார்கழி பிறந்ததும் காரி என்ற கருமந்தி அதைத் தேடி வந்தது. காரியின் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி சின்னு தொங்கியது.

"சிவந்தியக்கா, கையெல்லாம் விறைச்சுப் போகுது. இன்னும் நாலு நாளில் எங்க கூட்டம் ஓடையைத் தாண்டிக் கீழ்க்காட்டுக்குப் போகுது. நான் தாண்டலேன்னா இந்தப் பனியில் சின்னு பிழைக்காது!"

"அட, அழாதேடி! உள்ளங்கையை மூடி, விரலை வெளியே விட்டு ஒரு ஜோடி கையுறை பின்னித் தர்றேன். கைக்குச் சூடும் இருக்கும், கிளையில் பிடியும் இருக்கும்."

"இடது கையில் ஒரு சிவப்பு முடிச்சு வைக்கிறியா? சின்னு பிடிச்சு விளையாடும்."

"அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு!"

அணில் மணிக்கட்டில் தொடங்கியது. கட்டைவிரலுக்கு ஒரு வழி விட்டது. விரல்கள் பிரியும் இடத்தில் பின்னலை முடித்தது. இரண்டே நாளில் ஜோடி தயார். சிவப்பு முடிச்சும் வைத்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா, பாவி அணில்! ஊர் பார்க்கட்டும் என்று கிளையில் தொங்கவிட்டது.

மைனா பார்த்துவிட்டுச் சிரித்தது. "என்னக்கா, பாதியிலேயே நூல் தீர்ந்துபோச்சா?"

காட்டுச்சேவலும் சேர்ந்துகொண்டது. "எலி கடிச்ச மாதிரி இருக்கே! இவளையா கெட்டிக்காரின்னு சொல்றாங்க?"

'பிடிப்பதற்காகத்தான் விரலை விட்டிருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அணிலுக்கு முகம் சுண்டிப்போனது. மறுபடி ஊசியை எடுத்து இரண்டு நாள் உட்கார்ந்தது. ஒவ்வொரு விரலுக்கும் உறை பின்னியது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு பூ வைத்தது.

"அடேயப்பா!" என்றது மைனா.

"இதுதான் வேலை!" என்றது சேவல்.

அணிலுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு நாள் கழித்து, கிளம்பும் காலையில் காரி வந்து கையுறையைப் போட்டுப் பார்த்தது. "விரலையும் மூடிட்டியே அக்கா. பிடி வருமா?"

"எல்லாம் வரும்! காடே மெச்சுது, உனக்கு மட்டும் என்ன சந்தேகம்?"

"நீ சொன்னா சரிதான்" என்று காரி சின்னுவை அணைத்துக்கொண்டு ஓடைக்குப் போனது.

கூட்டம் ஒவ்வொன்றாகத் தாவியது. அணிலும் கரை மரத்தில் நின்று பார்த்தது. அதன் கண் காரி மேலா இருந்தது? இல்லை, பூக்கள் மேல்தான் இருந்தது.

காரி தாவியது. அக்கரைக் கிளையைச் சரியாகத்தான் எட்டிப் பிடித்தது. ஆனால் பட்டையெல்லாம் பனி ஈரம். அதில் கம்பளி வழுக்கியது. "அம்மா!" என்று சின்னுவின் குரல். காரி கீழே புதரில் சிக்கிக்கொண்டது. சின்னுவை ஓடை கொண்டுபோய்விட்டது.

கூட்டம் கரையோரமாகச் சின்னுவைத் தேடியது, காரியைக் கூப்பிட்டது. வெயில் ஏறியதும் கிளம்பிவிட்டது.

"ஐயோ, என் கையாலேயே கெடுத்தேனே! தெரிஞ்சும் கெடுத்தேனே!" என்று அணில் தலையில் அடித்துக்கொண்டு அக்கரைக்குத் தாவிக் காரியிடம் ஓடி இறங்கியது. பல்லால் நூலைக் கடித்து விரல் உறைகளைப் பிரித்தது. பூக்கள் சேற்றில் விழுந்தன.

"பார் காரி, விரல் வெளியே வந்துடுச்சு. இனிப் பிடி வழுக்காது. எழுந்திருடி, கூட்டம் ரொம்ப தூரம் போயிருக்காது!"

காரி எழவில்லை. இடது கையிலிருந்த சிவப்பு முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தது.

"விரல் இருக்குக்கா. இனி எதைப் பிடிக்க?"



பார்ப்பவர் மெச்ச வேண்டும் என்று வேலையை மாற்றுகிறவர், அதை நம்பி வாங்குகிறவரின் வாழ்வையே கெடுத்துவிடுகிறார்.