இலுப்பை மரத்தடித் தீர்ப்பு

ஓடைக்கரைக் காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி, தன் இரண்டு குட்டிகளோடு ஒரு வளையில் வாழ்ந்து வந்தது. ஒருநாள் ஓர் உடும்பு வந்து வாசலில் நின்றது.

"இது என் வளை! வெளியே போ!"

"நான் தோண்டின வளை ஐயா! நகம் தேயத் தோண்டினேன்!"

"அதை நீதிபதிகிட்டே சொல்லு, வா!" என்று சிரித்தது உடும்பு.

நீதிபதி ஒரு கரடி. இலுப்பை மரத்தடியில்தான் வழக்குக் கேட்கும். வழக்குக் கொண்டு வந்தவர் முதலில் பேசுவார். எதிராளி பிறகு பேசுவார். அதுவோ மயக்கம் தரும் இலுப்பைப் பூ உதிரும் காலம்! உடும்பு பேசப் பேச, கரடி பூவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. முள்ளி பேச எழுந்தபோது கரடிக்கு மயக்கம் ஏறிவிட்டது. தலை ஆடியது.

'ஆகா, நீதிபதி தலையாட்டுகிறாரே!' என்று முள்ளி இன்னும் உருகி உருகிப் பேசியது, பாவம்!

கரடி திடுக்கிட்டு விழித்தது. "வளை உடும்புக்கே! பொழுது சாய்வதற்குள் காலி செய்!"

முள்ளிக்கு உயிரே போயிற்று. நரிகள் திரியும் காட்டில், ஓடப் பழகாத குட்டிகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? "தெய்வமே, வழி காட்டு!" என்று வேண்டிக்கொண்டு குளத்துக்கு ஓடியது. நீதிபதிகளைக் கண்காணிக்கும் சபை அங்கேதான் இருந்தது. யானை, ஆமை, கொக்கு மூவரும் அதன் உறுப்பினர்கள்.

"தீர்ப்பை மாத்துங்கம்மா!"

"அது எங்க வேலை இல்லையம்மா," என்றது யானை. "நீதிபதி ஒழுங்காக் கேட்டாரான்னுதான் நாங்க பார்ப்போம். நீ பேசும்போது என்ன செய்தார்?"

"தலையை ஆட்டினார்."

"கண்?"

"கண்ணு... ஐயோ, மூடியிருந்தது!"

"ஏறு ஆமையே முதுகில்!" என்று யானை கிளம்பியது. கொக்கு முன்னால் பறந்தது. முள்ளி மூச்சிரைக்கப் பின்னால் ஓடியது.

"கரடியாரே! உடும்பு என்ன சொன்னது?" என்று இலுப்பை மரத்தடிக்கு வந்ததும் யானை கேட்டது. கரடி ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது.

"முள்ளி என்ன சொன்னாள்?"

"அது... அது வந்து..."

"ஐயா, தாடியில் பூ!" என்றது கொக்கு. காடே சிரித்தது. கரடி தலை குனிந்தது. "தூங்கிட்டேன். என் தப்புதான்."

"இனி மரத்தடியை விட்டு, அதோ அந்தப் பாறைமேல் உட்கார்ந்து கேளுங்கள்," என்றது யானை. "இரண்டு பேர் சொன்னதையும் திருப்பிச் சொன்ன பிறகுதான் தீர்ப்பு! இந்த வழக்கையும் இப்போதே மறுபடி கேளுங்கள்!"

"சொன்ன தீர்ப்பு சொன்னதுதானே!" என்று சீறியது உடும்பு.

"காதில் வாங்காமல் சொன்னது தீர்ப்பாடா?" என்றது ஆமை.

வெயிலில் சுட்ட பாறைமேல் கரடிக்குத் தூக்கம் எங்கே வரும்! இருவரையும் கேட்டது, இருவர் சொன்னதையும் திருப்பிச் சொன்னது. பிறகு உடும்பிடம் திரும்பியது.

"வளைக்கு இரண்டு வாசல் என்கிறாள் முள்ளி. இரண்டாவது எங்கே?"

உடும்பு இடமும் வலமும் பார்த்தது. "அது... புதருக்குப் பின்னால்!"

எல்லோரும் வளைக்குப் போய்ப் பார்த்தார்கள். புதருக்குப் பின்னால் வெறும் மண்தான் இருந்தது!

"குட்டிகளா, பின்வாசல் வழியா வாங்க!" என்று முள்ளி வளைக்குள் கூவியது. தூரத்துப் புற்றுக்குப் பக்கத்தில் புல் அசைந்தது. இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன!

"வளை முள்ளிக்கே!" என்று கரடி முழங்கியது. உடும்பு ஓட்டம் பிடித்தது.

தீர்ப்புச் சொல்கிறவர் ஒழுங்காகக் கேட்கிறாரா என்று பார்க்கவும் ஆள் இருந்தால்தான் எளியவர்களுக்கு நியாயம் கிடைக்கும்.