சுவரோர வரிசை

“கதிரேசனைக் கீழே அனுப்பிடுங்கம்மா,” என்றார் திருமேனி. “அவன் சோத்துக்கு வந்தவன். ஞானத்துக்கு வந்தவன் இல்லை.”

கோத்தகிரிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் திருமேனிதான் மூத்த சீடர். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பும் அவரோடு மலையேறி வந்திருந்தது. குரு நாச்சியம்மாள் அவரைவிட வயதில் நிறையச் சிறியவர். ஆனாலும் திருமேனி அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

கதிரேசன் குடியை விட்டுவிட்டு வந்தவன். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இங்கேயும் சாத்தினால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

அது திருமேனிக்கும் தெரியும். ஆனால் தியானத்தில் தூங்கி விழுகிறவனை, சாப்பாட்டு மணிக்கு மட்டும் முதல் ஆளாக நிற்கிறவனை, எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

நாச்சியம்மாள் மறுக்கவில்லை. திருமேனிக்கு நிச்சயமாகத் தெரிந்தால் சாயங்கால பஸ்ஸிலேயே அனுப்பிவிடலாம் என்றார். அதற்குள் சூப்புக்குக் கொஞ்சம் பார்ஸ்லிக் கீரை வேண்டும்.

“சுருட்டை இலை வேண்டாம், தட்டை இலையா பறிச்சுட்டு வாங்க. அதுல இலைக்குன்னு ஒரு வரிசை இருக்கு, கிழங்குக்குன்னு ஒரு வரிசை இருக்கு. கிழங்குச் செடியில மட்டும் கை வைக்காதீங்க.”

தோட்டத்தில் சுருட்டையால் சிக்கலில்லை. பரட்டைத் தலையாகத் தூரத்திலேயே தெரிந்தது. தட்டை இலை வரிசைகள்தான் படுத்தி எடுத்தன. இலையும் ஒன்றுபோல, காம்பும் ஒன்றுபோல. கிள்ளி முகர்ந்தார், கடித்துப் பார்த்தார். இரண்டுமே கொத்தமல்லிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருந்தன, அவ்வளவுதான்.

கிழங்கு மண்ணுக்குள்ளேதானே இருக்கிறது? பிடுங்கினால் தெரிந்துவிடப் போகிறது.

சுவரோர வரிசையில் ஒன்றைப் பிடுங்கினார். நூல்போல ஒரு வேர். அடுத்ததும் நூல்தான். பக்கத்து வரிசையில் ஒன்றைப் பிடுங்கினார், அங்கேயும் அதே நூல். சந்தேகம் தீர வேண்டுமே என்று மறுபடி சுவரோரம் வந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை முழுவதும் அவர் கையில் இருந்தது.

“கிழங்குச் செடியே கிடையாதும்மா,” என்று கொண்டுபோய் நீட்டினார். “விதைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்.”

நாச்சியம்மாள் செடிகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அதற்குள் அவை தலை தொங்கிப் போயிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைத் தட்டினார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

“இது எந்த வரிசை?”

“சுவரோரம்.”

“அதுதான் கிழங்கு வரிசை.”

திருமேனிக்குச் சுருக்கென்றது.

“கிழங்கைக் காணோமேம்மா?”

“எப்ப விதைச்சோம்?”

திருமேனி யோசித்தார். அன்றைக்குப் பாத்தி கட்ட ஆள் போதவில்லை. வாசலில் பையோடு வந்து நின்ற புது ஆளைக் கூப்பிட்டு மண்வெட்டியைக் கொடுத்தவர் அவரேதான்.

“கதிரேசன் வந்த அன்னைக்கு,” என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கீழே வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. நாச்சியம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“பஸ் போகட்டும்மா,” என்றார் திருமேனி.